குஞ்சிலேயே தெரியுமா, சேவலா பெட்டையா?

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் தெருவில் ஒருவர் சைக்கிளில் கலர் கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டு வந்தார். கேரியரில் அகலமான மூங்கில் கூடை. உள்ளே ரோஸ், பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகள் நூறாவது இருக்கும். லீவுக்கு வந்திருந்த பேத்தி இரண்டைக் கேட்டு அடம் பிடித்தாள். "பெட்டைக்குஞ்சு பாப்பா, ஆறு மாசத்துல முட்டை போடும்" என்றார் வியாபாரி. "போடாதுங்க, எல்லாம் சேவல்" என்றேன் நான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், சிரித்தார், மறுத்துப் பேசவில்லை.

பேத்தி விடவில்லை. "கையில எடுத்துக்கூடப் பாக்கல, எப்படித் தாத்தா சேவல்னு தெரியும்?"

கால்நடைத் துறையில் ஆய்வாளராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கேள்வி சின்னதுதான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால் ஏறக்குறைய நூறு வருடக் கதையைச் சொல்ல வேண்டும். நான் மறக்க முயன்ற என் சொந்தத் தவறு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளிடம் "பெரியவளானதும் சொல்றேன்" என்று தப்பித்தேன். உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் அம்மாயி. ராசிபுரம் பக்கம் எங்கள் அம்மா பிறந்த ஊரில் அம்மாயி வீட்டில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கோழிகள் திரியும். அடை வைப்பதற்கு முட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது உருண்டையானதை ஒரு பக்கம், கூராக நீண்டதை ஒரு பக்கம் வைப்பார். உருண்டை பெட்டை, கூர் சேவல் என்பது அவர் கணக்கு. பக்கத்து வீட்டு அப்பத்தாவுக்கு இதே கணக்கு தலைகீழ். இருவரும் ஒவ்வொரு அடைக்கும் சண்டை போடுவார்கள்.

பின்னாளில் படித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. இதே சண்டை 2,000 வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. நீண்டு கூரான முட்டை பெட்டை, உருண்டை சேவல் என்று கிரேக்கத்து அரிஸ்டாட்டில் எழுதினார். ரோமாபுரியில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா அப்படியே மாற்றிச் சொன்னார். அப்பத்தா அரிஸ்டாட்டில் கட்சி, அம்மாயி கொலுமெல்லா கட்சி. இரண்டு கட்சியும் தவறு. முட்டையின் வடிவம் இட்ட கோழியின் உடல்வாகைப் பொறுத்தது. உள்ளே இருப்பது சேவலா பெட்டையா என்பதற்கும் ஓட்டின் வடிவத்துக்கும் சம்பந்தமில்லை.

அதைத் தீர்மானிப்பது தாய்க்கோழி. மனிதர்களில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் தரும் குரோமோசோமைப் பொறுத்தது. பறவைகளில் இது நேர்மாறு. சேவலிடம் இரண்டும் ஒரே வகை, இசட் இசட். பெட்டையிடம்தான் இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. எதைக் கொடுக்கிறாளோ அதன்படி குஞ்சு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

முட்டையில் தோற்றாலும், குஞ்சு வளர வளர அம்மாயியின் கண் தவறியதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் பெட்டைக்குஞ்சுக்கு வாலும் முதுகு இறகும் முந்தி வந்துவிடும். சேவல் குஞ்சு முதுகு மொட்டையாக, வால் முளைக்காமல் அசடு மாதிரி நிற்கும். கால் தடிமனாக இருக்கும். ஐந்து ஆறு வாரத்தில் சேவலுக்குக் கொண்டை தடித்துச் சிவக்கும். பெட்டையின் கொண்டை வெளுத்த மஞ்சளாகச் சிறிதாகவே கிடக்கும். மூன்று மாதத்தில் கழுத்து இறகைப் பார்த்தால் சந்தேகமே வராது. சேவலுக்கு ஈட்டி முனை மாதிரி கூராகப் பளபளக்கும், பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும்.

அம்மாயிக்கு அவசரமே இல்லை. ஆறு வாரம் கழித்துத் தெரிந்தால் போதும். சேவலானால் ஒன்று கோயிலுக்கு நேர்ந்துவிட, ஒன்று மாப்பிள்ளை விருந்துக்கு, ஒன்று கூட்டத்தைக் காக்க. மிச்சம் சந்தைக்கு. குப்பையைக் கிளறித் தின்று வளர்ந்த குஞ்சுக்குத் தீவனச் செலவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சேவலாகப் பிறந்ததால் எந்தக் குஞ்சும் அந்த வீட்டில் நஷ்டமாக எண்ணப்பட்டதில்லை.

அவசரம் எங்கிருந்து வந்தது? முட்டையும் கறியும் பிரிந்த இடத்திலிருந்து வந்தது. மேலை நாடுகளில் குஞ்சு பொரிப்பகங்கள் பெருகி, முட்டைக்கென்றே லெகார்ன் போன்ற இனங்களை ஆயிரக்கணக்கில் வளர்க்கத் தொடங்கினார்கள். லெகார்ன் மெலிந்த உடம்புக்காரி. தின்கிற தீனியை முட்டையாக மாற்றுவாள், சதை வைக்க மாட்டாள். அவளுடைய தம்பிக்கும் சதை வராது, முட்டையும் கிடையாது. பிறகு 1948இல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டியே நடத்திச் சதைப்பற்றுள்ள கோழியைத் தேடினார்கள். அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்றைய பிராய்லர். கறிக்குத் தனிக் கோழி வந்தபின் முட்டை இனத்துச் சேவல் குஞ்சு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. விலை கொடுத்துத் தீவனம் வாங்குகிறவனுக்கு ஆறு வாரம் காத்திருக்க முடியாது. பொரித்த அன்றே தெரிய வேண்டும்.

ஆனால் ஒரு நாள் வயதுக் குஞ்சில் எதைப் பார்ப்பது? எல்லாம் மஞ்சள் பஞ்சு உருண்டை.

ஒரு வழியைக் காட்டியவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் புன்னெட். பள்ளியில் பரம்பரை விதி படித்தவர்களுக்குப் 'புன்னெட் சதுரம்' நினைவிருக்கும், அவரேதான். முதல் உலகப்போரில் பிரிட்டனில் தானியத் தட்டுப்பாடு. வேண்டாத சேவல் குஞ்சுகளுக்குத் தீனி போடுவது வீண் என்ற கவலை வந்தபோது, குஞ்சின் நிறத்தை வைத்தே பிரிக்கலாம் என்றார்.

சூட்சுமம் நான் மேலே சொன்ன இசட் குரோமோசோமில் இருக்கிறது. இறகு நிறத்துக்கான சில மரபணுக்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தாய்க்கோழி தன்னிடம் உள்ள ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுப்பாள், மகளுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே தாயின் நிறம் மகனுக்கும், தகப்பனின் நிறம் மகளுக்கும் போகிற மாதிரி ஜோடி சேர்த்தால் போதும். ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வெண்மை நிற லைட் சசெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால் வெளிர் குஞ்செல்லாம் சேவல், பழுப்புக் குஞ்செல்லாம் பெட்டை. அதே சிவப்புச் சேவலை வரிபோட்ட பிளிமத் ராக் பெட்டையோடு சேர்த்தால் கறுப்புக் குஞ்சுகள் பிறக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லையென்றால் பெட்டை. பள்ளிப் பிள்ளைகூடப் பிரித்துவிடலாம்.

புன்னெட் அதோடு நிற்கவில்லை. கலப்பு செய்யாமலே தலைமுறை தலைமுறையாகக் குஞ்சிலேயே நிறம் காட்டும் இனம் வேண்டும் என்று, பீஸ் என்பவரோடு சேர்ந்து 1920களின் இறுதியில் கேம்பார் என்ற இனத்தை உருவாக்கினார். லெக்பார் அதற்குப் பின் வந்தது.

ஆனால் வெள்ளை லெகார்னுக்கு இது உதவாது. அதில் சேவலும் பெட்டையும் ஒரே மஞ்சள். அதற்கு வழி கண்டவர்கள் ஜப்பானியர்.

டோக்கியோவில் மசூயி, ஹாஷிமோட்டோ என்ற கால்நடை அறிஞர்கள், குஞ்சின் எச்சத் துவாரத்துக்குள் சேவலுக்கு ஒரு சிறு பரு இருப்பதைக் கண்டார்கள். குண்டூசித் தலை அளவு. 1927இல் கனடாவில் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. 1933இல் ஆங்கிலத்தில் புத்தகமும் வந்தது. செய்முறை கேட்க எளிது. குஞ்சை இடது கையில் பிடித்து, எச்சத்தைப் பிதுக்கி எடுத்து, கட்டை விரலால் துவாரத்தை மெல்ல விரித்து, பலமான விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். அதையும் பொரித்த முதல் நாளுக்குள் பார்த்துவிட வேண்டும், பிறகு தெளிவு போய்விடும். தொல்லை என்னவென்றால், பெட்டைக்குஞ்சுகள் பலவற்றிலும் பரு மாதிரி ஒன்று தென்படும். அதன் உருட்சி, உறுதி, பளபளப்பு இவற்றில்தான் வித்தியாசம். தேறியவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு பார்ப்பார். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தவறாது.

இந்தக் கைத்தொழில் ஜப்பானியக் குடும்பங்களோடு அமெரிக்கா போனது. 1937இல் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்ஸ்டேல் என்ற ஊரில் இதற்கென்று ஒரு பள்ளியே தொடங்கினார்கள். 1942இல் போர் காரணமாக மேற்குக் கடற்கரை ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, குஞ்சு பிரிக்கத் தெரிந்த சிலரை மட்டும் வேலைக்காக வெளியே அனுப்பினார்கள். நாட்டின் முட்டைக்கு அவர்கள் கண் தேவைப்பட்டது. பிறகு கொரியர்களும் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். சில வருடங்களுக்கு முன் வந்த 'மினாரி' படத்தில் அந்தக் கொரியத் தம்பதி செய்வது இதே வேலைதான்.

இனி என் கதை.

1984. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. சுற்றிலும் கோழிப்பண்ணைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். கணவரை இழந்த ஒரு அக்கா, இரண்டு சிறு பிள்ளைகளோடு இருந்தவர், வங்கிக் கடனில் 100 லெகார்ன் பெட்டைக்குஞ்சு வாங்கினார். பணம் நேராகப் பொரிப்பகத்துக்குப் போய்விடும். குஞ்சு வந்து சேர்ந்ததைப் பார்த்து, இனம், எண்ணிக்கை, ஆரோக்கியம் எல்லாம் சரி என்று துறை சார்பில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அட்டைப் பெட்டிகளைத் திறந்தேன். குஞ்சுகள் துள்ளிக்கொண்டு இருந்தன. எண்ணினேன், நூறு. காகிதத்தில் 'பெட்டைக்குஞ்சு 100' என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பருவைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் படம் பார்த்திருந்தேனே தவிர, பிரிக்க எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒப்பமிட்டேன் என்பதுதான் விஷயம்.

ஆறாவது வாரம் போனேன். கொட்டகைக்குள் கால் வைத்ததுமே தெரிந்தது. வரிசை வரிசையாகச் சிவப்புக் கொண்டை. அம்மாயிக்குத் தெரிந்த குறி எனக்கும் தெரியுமே. உட்கார்ந்து எண்ணினேன். செத்தது போக 94 இருந்தன. அதில் 45 சேவல்.

பிரித்தவர் கண் தவறியிருந்தால் இரண்டு மூன்று வரலாம், ஐந்துகூட வரலாம். சரிபாதி வருகிறதென்றால் யாரும் பிரிக்கவே இல்லை என்று அர்த்தம். பொரித்ததை அப்படியே அள்ளிப் போட்டுப் பெட்டை விலை வாங்கியிருக்கிறார்கள். பொரிப்பகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர்கள் பதற்றமே இல்லாமல் ரசீதின் நகலை எடுத்து வைத்தார்கள். கீழே என் கையெழுத்து.

அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "ஏனுங் சார், நீங்க பாத்துத்தானுங்களே கையெழுத்துப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. ஆறு வாரத் தீவனத்தில் பாதி வீண். லெகார்ன் சேவலைச் சந்தையில் கேட்பாரில்லை, வந்த விலைக்குத் தள்ளினார். முட்டை வருமானம் பாதி, தவணை முழுசு. மாடு ஒன்றை விற்று இரண்டு வருடத்தில் கடனை அடைத்தார். நான் கொஞ்சம் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. புகார் எழுதினேன், அது எந்த மேசையிலோ நின்றுவிட்டது. எழுதினால் என் கையெழுத்தும் மாட்டும் என்பதால் முதல் புகாரை அழுத்தமாக எழுதவில்லை என்பதையும் இப்போது ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு விடுப்பு நாட்களில் ஒரு பண்ணையில் பிரிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஆயிரத்தை எட்டவில்லை, நூறு பார்த்தால் எண்பது தேறும். இது ஏதோ சொல்லிக்கொடுக்க முடியாத வரம், பார்த்துப் பார்த்துத்தான் வரும் என்பார்கள். 1987இல் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். அனுபவமே இல்லாதவர்களிடம் படங்களைக் காட்டிப் பிரிக்கச் சொன்னபோது நூற்றுக்கு 60 சரி. எங்கே பார்க்க வேண்டும், எது உருண்டை, எது தட்டை என்று விளக்கும் ஒரே ஒரு தாளைப் படிக்கக் கொடுத்ததும் 84 ஆனது. ஐம்பது வருடத்தில் ஐந்தரைக் கோடி குஞ்சு பார்த்த ஒருவரிடம் கேட்டுத்தான் அந்தத் தாளைத் தயாரித்தார்கள். ஒரு தாள்! அது என் சட்டைப் பையில் இருந்திருந்தால், பத்துக் குஞ்சைப் பிரித்துப் பார்த்தே சந்தேகப்பட்டிருப்பேன்.

இப்போது பரு பார்ப்பது பல இடங்களில் குறைந்துவிட்டது. இறகு மெதுவாக வளரும் குணமும் அதே இசட் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதற்கேற்ப ஜோடி சேர்த்த இனங்களில் குஞ்சின் இறக்கையை விசிறி மாதிரி விரித்துப் பார்த்தால் போதும். இரண்டு வரிசை முனைகளில் கீழ் வரிசை நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே மட்டமாக இருந்தால் சேவல்.

பிரித்தபின் சேவல் குஞ்சுகள் என்ன ஆகின்றன என்று பேத்தி கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்வது கஷ்டம். உலகம் முழுவதும் வருடத்துக்கு 600, 700 கோடிக் குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். நம் ஊரில் ஒரு பகுதி சாயத் தொட்டியில் முங்கித் தெருவுக்கு வருகிறது. பெட்டையை எந்தப் பொரிப்பகமும் சைக்கிள் கூடைக்கு விடாது. அதனால்தான் தொட்டுப் பார்க்காமலே சேவல் என்றேன். குஞ்சைப் பார்த்துச் சொல்லவில்லை, கூடையைப் பார்த்துச் சொன்னேன்.

ஜெர்மனி 2022 ஜனவரி முதல் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்துவிட்டது. முட்டையிலேயே பார்த்துச் சேவல் முட்டையை ஒதுக்குகிறார்கள். பழுப்பு நிற முட்டையினங்களில் ஒரு முறை இருக்கிறது. அடைவைத்து 13 நாள் வாக்கில் ஓட்டின் வழியே ஒளியைச் செலுத்தி, உள்ளே முளைக்கும் இறகின் நிறத்தைக் கருவி பார்க்கிறது. புன்னெட் சொன்ன அதே நிறம், அதே மரபணு. அம்மாயியும் அப்பத்தாவும் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்ட கேள்விக்கு, இப்படி ஒரு பதில் வந்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி மட்டும் வரவில்லை. சேலம் மாவட்டத்தில் வேலை பார்த்தவன் நான். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஏன் தொடங்க வேண்டி வந்தது என்று உங்களுக்கே தெரியும். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என 1994இல் சட்டமும் வந்தது. கோழிக் கொட்டகையில் பெட்டைக்கு விலை, பக்கத்து வீட்டுக்குள் பெண் பிறந்தால் அழுகை, இரண்டையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். முன்கூட்டித் தெரிந்துகொள்வதில் தவறில்லை. எதற்காகத் தெரிந்துகொள்ள அவசரப்படுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மாயிக்கு அவசரம் இல்லாததன் காரணம், சேவலுக்கும் அவர் வீட்டில் இடம் இருந்தது என்பதுதான்.

பேத்திக்கு வாங்கிய இரண்டில் பச்சைக்குஞ்சு மூன்றாம் நாளே போய்விட்டது. ரோஸ் குஞ்சை அட்டைப் பெட்டியில் 40 வாட்ஸ் பல்பு போட்டுக் காப்பாற்றினேன். அவள் ஊருக்குப் போய்விட்டாள். சாயம் உதிர்ந்து வெள்ளை இறகு வந்தது. ஆறாவது வாரம், எதிர்பார்த்தபடி, கொண்டை சிவந்தது. வாரா வாரம் போனில் "தாத்தா, முட்டை போட்டுச்சா?" என்று கேட்கிறாள். போன வாரம் விடியற்காலையில் முதல் முறையாகக் கூவியது. குரல் உடைந்து, பாதியில் நின்று, மறுபடி கூவியது. போனை ஜன்னல் பக்கம் பிடித்து அவளைக் கேட்க வைத்தேன். அவளுக்கு ஏமாற்றமே இல்லை. இனி அலாரம் வேண்டாம் தாத்தா என்கிறாள்.

உங்கள் வீட்டுப் பாட்டிமார் என்ன குறி வைத்துப் பார்த்தார்கள்? உருண்டை கட்சியா, கூர் கட்சியா? நினைவிருந்தால் எழுதுங்கள்.